வாசகர் கேள்விகள்: பரணில் கிடக்கும் பாதி வீடு

கேள்வி: பணி ஓய்வுக்குப் பின் எங்கள் தனி வீட்டை விற்றுவிட்டு, இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வரும்போது பாத்திரம், மரச்சாமான், துணிமணி என ஏறக்குறையப் பாதியை உறவினர்களுக்கும் வீட்டில் வேலை செய்தவர்களுக்கும் கொடுத்துவிட்டோம். முதல் சில மாதங்கள் தலைச்சுமையை இறக்கி வைத்தாற்போல் இருந்தது. இப்போது அந்த உணர்வு இல்லை, எப்போதும்போல்தான் இருக்கிறேன். மிச்சம் இருப்பவற்றில் பெரும்பகுதி என் கணவருடையது, அவரோ ஒன்றையும் விடுவதாக இல்லை. குறைவாக வைத்துக்கொண்டால் மகிழ்ச்சி கூடும் என்று நான் நம்பியது பிழையா?
– வாசகி, திருச்சி

பதில்: நம்பியதில் பிழையில்லை, அந்த முதல் மாத உணர்வு அப்படியே நிலைக்கும் என்று எதிர்பார்த்ததுதான் சற்று அதிகம். எதற்கும் மனம் பழகிப்போகும் என்ற உண்மையை, நகையும் காரும் வாங்குகிறவர்களைக் கண்டிக்கும்போது மட்டும் நாம் எடுத்துச் சொல்கிறோம். அமெரிக்காவில் 1978இல் வெளியான ஓர் ஆய்வு, லாட்டரியில் பெருந்தொகை பெற்ற 22 பேரை அப்படிப் பெறாத 22 பேருடன் ஒப்பிட்டது. பரிசு பெற்றவர்கள் மற்றவர்களைவிட அதிக மகிழ்ச்சியுடன் இருந்ததாகத் தெரியவில்லை. காலை உணவு, நண்பருடன் பேச்சு போன்ற அன்றாடச் சிறு இன்பங்களில் அவர்கள் கண்ட சுவை சற்றுக் குறைவாகவும் இருந்தது. வந்த பணத்துக்குப் பழகிக்கொள்ளும் மனம் காலியான அலமாரிக்கும் பழகிக்கொள்ளாதா என்ன? பொருளைத் துறப்பதைப் பற்றி எழுதுகிறவர்கள் முதல் வாரத்துப் பரவசத்தை வருணிப்பதோடு நிறுத்திவிடுவதால் இது வெளியே தெரிவதில்லை.

ஆயினும் பழக்கத்தால் மங்காத பயன் ஒன்று உண்டு. அதை மனத்தில் தேடாமல் நாட்காட்டியில் தேடிப் பாருங்கள். பழைய வீட்டில் ஆயுத பூஜைக்கு முன் எத்தனை நாள் துடைத்தீர்கள், பித்தளைச் சாமான்களைப் புளி போட்டுத் தேய்க்க எத்தனை மணி நேரம் ஆயிற்று, பட்டுப் புடவைகளை வெளியே எடுத்து மடிப்பு மாற்றி வைக்க எத்தனை பிற்பகல்கள் போயின என்று கணக்கிட்டால், ஒவ்வொரு பொருளும் வாங்கிய விலைக்கு மேல் ஆண்டுதோறும் உங்களிடம் வட்டி வாங்கிக்கொண்டிருந்தது தெரியும். அந்த வட்டி இன்று நின்றிருக்கிறது. நின்றுபோன வலியை யாரும் நாள்தோறும் நினைத்து மகிழ்வதில்லை என்பதால், எப்போதும்போல் இருப்பதாக உங்களுக்குத் தோன்றுகிறது.

உங்கள் கணவர் விஷயத்துக்கு வருகிறேன். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் 32 நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளை 2001 முதல் சில ஆண்டுகள் நுணுக்கமாகப் பதிவுசெய்தார்கள். அவற்றில் பெரும்பாலான வீடுகளில் கார் நிறுத்தும் கொட்டகைகூடச் சாமான்களால் நிரம்பி, கார் தெருவில் நின்றது. அந்தக் குடும்பங்களை வைத்து 2010இல் வெளியான கட்டுரையின்படி, தம் வீட்டைச் சுற்றிக்காட்டும்போது ‘அடைசல்’, ‘முடிக்காத வேலை’ என்ற பொருள்படும் சொற்களை அதிகம் பயன்படுத்திய மனைவியரின் உடலில், கார்டிசால் என்னும் மன அழுத்தச் சுரப்பு காலையிலிருந்து மாலைக்குள் இயல்பாகக் குறைய வேண்டிய அளவுக்குக் குறையவில்லை. கணவர்களிடம் இந்தத் தொடர்பு அவ்வளவு தெளிவாக இல்லை. சிறிய ஆய்வு என்பதாலும், அடைசல்தான் காரணம் என்று அது நிறுவவில்லை என்பதாலும், இதைத் தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது. ஆனால் தூசு துடைப்பவர் கண்ணுக்குச் சுமையாகத் தெரிவது, துடைக்காதவர் கண்ணுக்குச் சொத்தாகத் தெரிவதில் வியப்பென்ன? அவருடைய சாமான்களைத் துடைக்கும் பொறுப்பை இந்த ஆண்டு முழுவதும் அவரிடமே விட்டுப் பாருங்கள். வாதம் செய்து வெல்வதைவிட இது விரைவில் பலன் தரும்.

இழப்பது அவருக்கு உண்மையிலேயே வலிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். 1990இல் கானமன், நெட்ச், தேலர் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வில், கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களில் பாதிப் பேருக்குச் சாதாரணக் காபிக் குவளை கொடுக்கப்பட்டது. அதை விற்கக் குவளை பெற்றவர்கள் கேட்ட விலை, வாங்க மற்றவர்கள் தரத் தயாராக இருந்த விலையைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. சில நிமிடங்கள் கையில் இருந்த குவளைக்கே இப்படி என்றால், அம்மாவின் பெயரும் திருமணத் தேதியும் வெட்டிய எவர்சில்வர் தூக்குக்கு எப்படியிருக்கும்! ஆகவே ‘இது உங்களுக்கு வேண்டுமா?’ என்று கேட்காதீர்கள். கேட்டால் வேண்டும் என்றுதான் பதில் வரும். ‘இது நம்மிடம் இல்லாமல் கடையில் இருந்தால் இன்று போய் வாங்குவோமா?’ என்று கேளுங்கள். பெயர் வெட்டிய தூக்கை மட்டும் அந்தக் கேள்விக்கு உட்படுத்த வேண்டாம்.

கேள்வி: ‘உண்பது நாழி உடுப்பவை இரண்டே’ என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர் சொல்லியிருக்க, இதற்கெல்லாம் அமெரிக்க ஆய்வு எதற்கு?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அந்த அடியை எடுத்துச் சொல்கிறவர்கள் அடுத்து வருவதை விட்டுவிடுகிறார்கள். புறநானூற்றின் 189ஆம் பாட்டு அது; பாடியவர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். உலகம் முழுவதையும் தனியொரு குடையின்கீழ் ஆளும் அரசனுக்கும், இரவு பகல் உறங்காமல் விலங்கு தேடித் திரியும் கல்லாத வேடனுக்கும் உணவு ஒரு நாழி, உடை இரண்டு என்று தொடங்கும் அந்தப் பாட்டு, குறைவாக வைத்துக்கொள் என்று அறிவுரை கூறவில்லை. எல்லார் தேவையும் ஏறக்குறைய ஒன்றே என்று காட்டிவிட்டு, ‘செல்வத்துப் பயனே ஈதல்’ என்று முடிவுக்கு வருகிறது. நாமே துய்ப்போம் என்று இருந்தால் தவறிப்போகிறவை பல என்றும் எச்சரிக்கிறது. மிச்சத்தை வீசுவதும் மிச்சத்தைக் கொடுப்பதும் அலமாரியைப் பொறுத்தவரை ஒன்றுதான். பாட்டைப் பொறுத்தவரை ஒன்றல்ல. அமெரிக்க ஆய்வு தேவைப்படுவது, சான்றோர் சொன்னது நம் வீட்டுக் கொல்லையில் எப்படி நடக்கிறது என்று பார்ப்பதற்கு. எளிமையும் காட்சிப்பொருள் ஆகக்கூடியது என்பதற்கு ஒரு செய்தி: காந்தியடிகளின் மூக்குக்கண்ணாடி, செருப்பு, கடிகாரம், கிண்ணம், தட்டு ஆகியவை 2009 மார்ச் மாதம் நியூயார்க்கில் 18 லட்சம் டாலருக்கு ஏலம் போயின.

கேள்வி: தையல் கூலியில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவள் நான். பல ஆண்டுகள் மாற்றுப் புடவை இல்லாமல் இருந்திருக்கிறேன். பொருள் குறைந்தால் நிம்மதி என்று படித்தவர்கள் பேசும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.
– வாசகி, விழுப்புரம்

பதில்: உங்கள் கோபம் முற்றிலும் நியாயமானது. வேண்டும்போது மறுபடியும் வாங்கிக்கொள்ள முடிகிறவருக்குத்தான் இருப்பதைக் கொடுத்துவிடும் துணிச்சல் வருகிறது. அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் இருக்கும் வங்கிக் கணக்கைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை. 2013இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, உங்கள் விழுப்புரம் மாவட்டத்திலும் திருவண்ணாமலை மாவட்டத்திலும் 464 கரும்பு விவசாயிகளைக் கரும்பு வெட்டுக்கு முன் ஒரு முறையும், வெட்டி முடித்துப் பணம் கைக்கு வந்த பின் ஒரு முறையும் சந்தித்து, வடிவங்களைப் பொருத்தும் புதிர் போன்ற சோதனைகளைக் கொடுத்தார்கள். கையில் காசில்லாத நாட்களில் அதே மனிதர்கள் குறைவாகவே தேறினார்கள். இல்லாமை மனத்தின் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்று ஆய்வாளர்கள் இதற்கு விளக்கம் தந்தார்கள். திருச்சி வாசகியின் பரணில் கிடந்த அண்டா எப்படி அவர் மனத்தில் இடம் பிடித்ததோ, அதைவிடப் பெரிய இடத்தை உங்களிடம் இல்லாத மாற்றுப் புடவை பிடித்திருக்கும். இரண்டாவது கேஸ் சிலிண்டரும், பிள்ளைக்கு இரண்டாவது சீருடையும், அவசரத்துக்கு ஒதுக்கிய சிறு தொகையும் கவலையைக் கொண்டுவரும் உடைமைகள் அல்ல, கவலையைக் குறைக்கும் உடைமைகள். இந்தப் பகுதியில் நான் சொல்வதெல்லாம், தேவைக்கு மேல் சேர்ந்துவிட்டவர்களுக்கு மட்டுமே பொருந்தும்.

கேள்வி: எழுபது வயதைக் கடந்த எங்கள் அம்மா எண்ணெய் டின், இனிப்புப் பெட்டி, கட்டைப்பை, பழைய செய்தித்தாள் என எதையும் எறிய மாட்டார். அவர் அக்கா வீட்டுக்குப் போயிருந்த பத்து நாளில் அண்ணன் பரணைக் காலி செய்து பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டார். திரும்பி வந்ததிலிருந்து அம்மா சரியாகப் பேசுவதில்லை. இது மனநோயா?
– வாசகர், மதுரை

பதில்: அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டில், பொருள்களைக் குவித்துவைக்கும் கோளாறு தனி நோயாக இடம்பெற்றிருப்பது உண்மை. ஆனால் அடுப்படியில் சமைக்க முடியாமல், கட்டிலில் படுக்க முடியாமல், வீட்டின் புழங்கும் இடங்கள் அடைபட்டு, அதனால் அன்றாட வாழ்க்கை குலையும் நிலையைத்தான் அது குறிக்கிறது. பரண் மட்டும் நிறைந்திருக்கும் வீட்டில் மருத்துவருக்கு வேலையில்லை. ரேஷன் கடை வரிசையில் மண்ணெண்ணெய்க்கு நின்ற ஒரு தலைமுறைக்கு, காலி டின் என்பது பின்னால் உதவப்போகும் டின்.

உங்கள் அண்ணன் செய்ததுதான் தவறு. தானே மனமுவந்து கொடுத்தவருக்கு இலேசாக இருக்கும் அதே வெற்றிடம், கேட்காமல் பறிக்கப்பட்டவருக்குத் திருட்டுப் போன வீடாகத் தெரியும். அவர் அம்மாவிடம் நேராகச் சென்று, காரணம் எதுவும் அடுக்காமல், ‘கேட்காமல் செய்தது தப்பு’ என்று சொல்லட்டும். பின்னர் அந்தப் பரணில் என்னென்ன இருந்தன என்று அம்மாவையே சொல்லச் சொல்லுங்கள். டின்களுக்கும் பைகளுக்கும் நடுவில் நீங்கள் அறியாத ஏதோ ஒன்று இருந்திருக்கலாம். அப்படி இருந்தால் இன்றே அந்தப் பழைய சாமான் கடைக்குப் போய்க் கேளுங்கள். மூட்டை பிரிக்கப்படாமல் ஒரு மூலையில் இன்னும் கிடக்கக்கூடும்.