இரண்டரை லட்ச ரூபாய் கிட்டாரும் தகரச் சத்தமும்

கேள்வி: காசிமேட்டில் மரப்படகு வேலை பார்க்கும் தச்சன் நான். மகன் பி.காம். இரண்டாம் வருடம் படிக்கிறான். நான்கு வருடமாக எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் வாசிப்பவன் அவன்தான். இப்போது கையில் இருப்பது 14,000 ரூபாய் கிட்டார். சபையில் அதன் சத்தம் தகரத்தைத் தட்டுவதுபோல வருகிறதாம். ஜான் மேயர் என்பவர் பெயரில் அமெரிக்காவில் செய்யும் சில்வர் ஸ்கை கிட்டார்தான் வேண்டும் என்கிறான். இங்கே வந்து சேர இரண்டரை லட்சத்துக்கு மேல் ஆகுமாம். அதே பெயரில் லட்சத்துக்குள் இன்னொன்று உண்டாம், அதில் அவனுக்கு மனசில்லை. சீட்டு எடுத்தால் பெரியதையே வாங்கிவிடலாம். காசுக்கு ஏற்ற வித்தியாசம் நிஜமாகவே இருக்கிறதா? அந்த மரம் அப்படி உசத்தியா?
— வாசகர், காசிமேடு

பதில்: அண்ணா, இந்த மாதம் சீட்டை எடுக்காதீர்கள். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: ‘தகரத்தைத் தட்டுவதுபோல.’ கல்மண்டபத்தில் இருக்கும் என் பட்டறைக்கு இதே வார்த்தையோடு வராத பிள்ளைகள் குறைவு. கிட்டாரைக் கையில் வாங்குவதற்கு முன்பே நான் கேட்பது, “ஒயரோட அந்தப் பக்கத்தை எதுல சொருகுற, தம்பி?” என்பதுதான். “நேரா மிக்ஸர்லதாண்ணா” என்பார்கள்.

கோளாறு அங்கே இருக்கிறது. கிட்டாரின் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி, தலைமுடிபோல மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றிய ஒரு சுருள். அதில் பிறக்கும் மின்சாரம் ரொம்ப மெலிசானது. அதை வாங்கிக்கொள்ளும் இடத்தின் மின்தடை 10 லட்சம் ஓம் அளவில் இருந்தால்தான் சத்தம் முழுசாகப் போய்ச் சேரும். கிட்டார் ஆம்ப், அதாவது கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி, அப்படித்தான் செய்யப்பட்டிருக்கும். மிக்ஸரின் லைன் வாசலில் 10,000, 20,000 ஓம்தான் இருக்கும். அதில் நேராகச் சொருகினால் சத்தம் மங்கி, உயிர் போய்விடும். அதைத் தூக்க மிக்ஸரில் ட்ரெபிளைத் திருகுவார்கள். சத்தத்தைக் கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷன் பெடலையும் தம்பி மிதிப்பான். ஆம்பில் இருக்கும் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே வரும் கரகரப்பைத் தானே அமுக்கிவிடும். சபையில் இருக்கும் ஸ்பீக்கரோ பிரசங்கத்துக்கும் பாட்டுக்கும் வாங்கியது. அது எதையும் அமுக்காமல் அப்படியே கொட்டும். தகரச் சத்தம் என்று உங்கள் மகன் சொல்வது இதைத்தான். அமெரிக்காவிலிருந்து வந்த கிட்டாரை அதே ஓட்டையில் சொருகினாலும் அதே தகரம்தான் கேட்கும்.

சரி, இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். வித்தியாசம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டுக் காசைப் பற்றிப் பேசலாம்.

சில்வர் ஸ்கை 2018-ல் வந்தது. பிஆர்எஸ் நிறுவனம் அதை மேரிலாந்தில் செய்கிறது; அப்போது அமெரிக்க விலை 2,299 டாலர். 2022-ல் அதன் எஸ்இ மாடலை, அதாவது உங்கள் மகனுக்கு மனசில்லாத அந்தச் சின்னதை, இந்தோனேசியாவில் செய்து 849 டாலருக்குக் கொடுத்தார்கள். இரண்டிலும் நட்டிலிருந்து, அதாவது நெக் என்ற கழுத்தின் தலைமாட்டில் கம்பி உட்காரும் காடிக்கட்டையிலிருந்து, கீழே கம்பி ஊன்றும் பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம் ஒன்றுதான், 25.5 அங்குலம். இரண்டிலும் 22 ஃபிரெட் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கீற்று), மூன்று பிக்கப். பெரியதன் பாடி ஆல்டர் மரம், சின்னதில் பாப்லர். பெரியதில் நட் எலும்பு, டியூனிங் கீ கம்பியைக் கவ்விப் பூட்டிக்கொள்ளும் வகை. சின்னதில் இரண்டும் சாதாரணம்.

போன வருடம் ஐப்பசி மழையில் இந்த இரண்டும் ஒரே வாரத்தில் என் பட்டறைக்கு வந்தன. இப்படி அமைவது அபூர்வம் என்பதால், உரிமையாளர்களிடம் சொல்லிவிட்டு ஒரு சாயங்காலம் உட்கார்ந்தேன். இரண்டுக்கும் ஒரே வகைப் புதுக் கம்பி, ஒரே உயரத்தில் பிக்கப், ஒரே ஒயர், ஒரே ஆம்ப். பட்டறைக்கு வந்திருந்த ஒரு கீபோர்டு தம்பியைத் தெருவைப் பார்த்து உட்காரச் சொன்னேன். அவன் முதுகுக்குப் பின்னால் நின்று ஒரே மெட்டை மாற்றி மாற்றி வாசித்தேன். பெடல் இல்லாமல் வாசித்தபோது இரண்டும் வேறு வேறு என்று சொன்னான். எது பெரியது என்பதில் ஒரு தடவைக்கு மேல் ஏமாந்தான். டிஸ்டார்ஷன் போட்டதும் கையை விரித்துவிட்டான். அவனுக்கு நல்ல காது, அதிலும் சுருதி பிசகாத காது.

அப்புறம் இரண்டையும் அவன் மடியில் வைத்தேன். கிட்டாரே தெரியாத பையன், ஒரு நிமிடத்தில் பெரியதைக் கண்டுபிடித்துவிட்டான். நெக்கின் ஓரத்தில் பெருவிரலை மேலிருந்து கீழே ஓட்டினால், பெரியதில் ஃபிரெட் நுனி இருப்பதே தெரியாது; கூழாங்கல்மேல் போவதுபோல விரல் போகும். சின்னதில் ஒவ்வொரு நுனியும் லேசாகத் தன்னைத் தெரியப்படுத்தும். குத்தாது, குறை என்றும் சொல்ல முடியாது. அந்த வழவழப்பு ஒரு ஆள் அரத்தையும் உப்புத்தாளையும் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்த வேலை. அமெரிக்காவில் அந்த மணிக்கணக்குக்குக் கூலி அதிகம், அண்ணா. நீங்கள் கேட்ட விலையில் அதற்கும் ஒரு நல்ல பங்கு உண்டு. மீதியில் கப்பல் கூலி, சுங்கம், வரி. பெயர் கொடுத்த கலைஞருக்கும் பொதுவாக ஒரு பங்கு போகும்.

ஒரு விஷயம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஃபிரெட் பதித்திருக்கும் பலகை, அதாவது ஃபிரெட்போர்டு, தட்டையாக இருக்காது, குறுக்கே லேசாக வளைந்திருக்கும். படகின் வயிற்றைச் சீவும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரியதில் அந்த வளைவு 7.25 அங்குல ஆரமுள்ள வட்டத்தில் வெட்டியது, அதனால் வளைவு அதிகம். சின்னதில் 8.5, கொஞ்சம் தட்டை. கார்டு (பல கம்பியைச் சேர்த்து அழுத்தும் சுரக்கூட்டு) பிடிக்கப் பெரியது கைக்குள் அழகாக உட்காரும். ஆனால் கம்பியைத் தாழ்வாக வைத்து, மேல் ஃபிரெட்டில் பெண்ட் செய்தால், அதாவது கம்பியை விரலால் பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை ஏற்றினால், வளைவு அதிகமான போர்டில் கம்பி நடுமேட்டில் உரசிச் சத்தம் செத்துப்போகும். சின்னதில் அந்தத் தொல்லை குறைவு. லீட், அதாவது தனி மெட்டு, வாசிக்க ஆசைப்படும் இருபது வயதுப் பையனுக்கு, இந்த ஒன்றில் சின்னதே சௌகரியம் என்று அன்றைக்கு என் கை சொன்னது.

ஒரு கலைஞர் பெயரில் வரும் சிக்னேச்சர் கிட்டார் என்றால் இதுதான் அர்த்தம். அது ஒருவருடைய கைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. 1952-ல் கிப்சன் நிறுவனம் கிட்டார் கலைஞர் லெஸ் பால் பெயரில் கிட்டார் கொண்டுவந்த நாளிலிருந்து எத்தனையோ பேர் பெயரில் வந்துவிட்டன. ஃபெண்டர் நிறுவனம் 1988-ல் இங்வே மால்ம்ஸ்டீன் என்ற கிட்டார் கலைஞர் பெயரில் ஒன்றைச் செய்தது. அதில் ஃபிரெட்டுக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே மரத்தைக் கிண்ணம்போலத் தோண்டியிருக்கும். அவர் வேகத்துக்கு அது வேண்டும். அழுத்திப் பிடித்துப் பழகிய பையன் கையில் கொடுத்தால் ஒவ்வொரு சுரமும் மேலே ஏறி அபசுரமாகும். விலை உயர்ந்தது, ஆனால் அவனுக்கு உயர்ந்தது இல்லை.

மரத்தைக் கேட்டீர்கள். பிக்கப் கேட்பது மரத்தின் ஓசையை அல்ல, தன் காந்தத்தின்மேல் கம்பி எப்படி அசைகிறது என்பதை. பாடி ஆல்டரா பாப்லரா என்பதைவிட, பிக்கப்பைக் கம்பிக்கு எவ்வளவு பக்கத்தில் திருகி வைத்திருக்கிறீர்கள் என்பது பல மடங்கு கேட்கும். நெக் மரம் வேறு விஷயம். அதில்தான் நான் கண்டிப்பாக இருப்பேன். ரேகை நேராக ஓடுகிறதா, நன்றாக ஆறிய மரமா என்று பாருங்கள். பச்சை வாடை போகாத பலகையைப் படகில் அடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். கடற்காற்று அடிக்கும் நம் வீடுகளில் நெக்குக்கும் அதேதான், முறுக்கிக்கொள்ளும்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. குயீன் குழுவின் பிரையன் மே உலகம் முழுக்க வாசித்த கிட்டார் கடையில் வாங்கியது அல்ல. 1963-ல் அவரும் அவர் அப்பாவும் வீட்டிலேயே செய்ய ஆரம்பித்தது. நெக் பழைய கணப்படுப்பின் சட்டத்திலிருந்து அறுத்த மரம். சுருதியை ஆட்டும் கைப்பிடியான ட்ரெமோலோவுக்குப் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். தச்சர் வீட்டுப் பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இனி காசு. முதலில் அந்த 14,000 ரூபாய் கிட்டாரை ஒரு நல்ல ரிப்பேர்காரரிடம் முழு செட்டப்புக்குக் கொடுங்கள். நான் செய்தால் 1,500 வாங்குவேன்; ஃபிரெட் மட்டம் பார்க்க வேண்டியிருந்தால் தனி. மகனைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். ஃபிரெட்டின் தலையில் எல்லாம் மார்க்கர் மையைப் பூசுவோம். மட்டக்கட்டையில் உப்புத்தாளை ஒட்டி, நீளவாக்கில் ஒரே இழுப்பு. உயர்ந்து நிற்கும் ஃபிரெட்டில் மை போயிருக்கும், பள்ளத்தில் இருப்பதில் அப்படியே நிற்கும். மை எல்லாவற்றிலும் ஒரேபோலப் போகும்வரை வேலை. அது முடிந்தால் கம்பியைத் தைரியமாகக் கீழே இறக்கலாம். வீட்டில் நீங்களே பார்க்க ஒரு வழி: ஏடிஎம் கார்டின் தடிமன் 0.76 மி.மீ. இரண்டு கார்டைச் சேர்த்து, 12-வது ஃபிரெட்டுக்கும் ஆக மெல்லிய கம்பிக்கும் நடுவே நுழைத்துப் பாருங்கள். உரசாமல் உரசி நின்றால் நல்ல உயரம். நாலைந்து கார்டு நுழைந்தால், இத்தனை நாள் பிள்ளை கிட்டாரோடு மல்லுக்கட்டியிருக்கிறான்.

அடுத்து, ஆம்ப் சத்தத்தையும் ஸ்பீக்கர் பெட்டியின் சத்தத்தையும் தானே உண்டாக்கும் ஒரு பிராசஸர் வாங்கி, அதன் வழியாக மிக்ஸருக்குப் போகச் சொல்லுங்கள். பதினைந்தாயிரத்துக்குள் உருப்படியானது கிடைக்கும். சபையில் இடம் இருந்தால் சின்ன ஆம்ப் வைத்து அதன் முன்னால் ஒரு மைக் வைப்பது இன்னும் நன்றாக இருக்கும். ஆறு மாதம் போகட்டும். கிட்டார் போதவில்லை என்று அப்போதும் அவன் விரல் சொன்னால், லட்சத்துக்குள் வரும் அந்த எஸ்இ-யையும், நாற்பது ஐம்பதாயிரத்தில் யமஹா பசிஃபிகாவோ ஸ்குவையரோ ஒன்றையும் கடையில் மடியில் வைத்து ஒரு மணி நேரம் வாசிக்கட்டும். படத்தைப் பார்த்து ஆர்டர் போட வேண்டாம். பெரியதை அவன் சம்பாதித்து வாங்கட்டும் என்று சொல்ல மாட்டேன். உங்களால் முடிந்து, அவன் கை அதைக் கேட்கும் நாளில் வாங்கிக்கொடுங்கள், சந்தோஷமாக. இப்போது கேட்பது அவன் கை இல்லை.

கேள்வி: என் கிட்டார் 18,000 ரூபாய். ஒரு பெண்ட் செய்தாலே ஜி கம்பி சுருதி இறங்கிவிடுகிறது. விலை குறைந்த கிட்டார் அப்படித்தான் என்கிறார் மாஸ்டர். உண்மையா?
— வாசகி, எண்ணூர்

பதில்: பெரும்பாலும் நட்டில் இருக்கும் காடியில் கம்பி சிக்கிக்கொள்கிறதம்மா. டியூன் செய்யும்போது ‘டிக்’ என்று சின்னச் சத்தம் கேட்டால் அதேதான். கம்பியைத் தளர்த்தி, காடியில் பென்சில் கரியை நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். புதுக் கம்பி மாட்டியதும் விரலால் மெல்லத் தூக்கி இழுத்துவிடுங்கள், அது நீள வேண்டிய நீளத்தை அப்போதே நீண்டுவிடும். எண்ணூர்க் காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் அடியிலும் துடையுங்கள். இத்தனைக்கும் கேட்கவில்லையென்றால் நட்டை மாற்றினால் போதும், கிட்டாரை மாற்ற வேண்டாம்.

கேள்வி: வீட்டில் கிட்டார் ‘ம்ம்ம்’ என்று இரைகிறது. கம்பியைத் தொட்டால் குறைகிறது. விலை கூடிய பிக்கப் போடலாமா?
— வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: பொறுங்கள். சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் எந்த விலையிலும் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைப் பிடிக்கும். கம்பியைத் தொட்டால் குறைகிறது என்றால் கிட்டாருக்குள் கிரவுண்ட் ஒயர் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். பார்க்க வேண்டியது சுவரில் இருக்கும் ப்ளக் பாயின்ட்டை. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் மூன்று ஓட்டை இருக்கும், மூன்றாவதில் எர்த் ஒயரே இருக்காது. ஒரு ஆடித் திருவிழா மேடையில், கம்பியில் கை வைத்தபடி மைக்கில் உதடு பட்டு எனக்கு ஷாக் அடித்தது. ஆம்ப் ஒரு லைனில், மைக் இன்னொரு லைனில், எர்த் எதிலும் இல்லை. உதடு இரண்டு நாள் மரத்துப்போயிருந்தது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இருக்கிறதா என்று பார்த்த பிறகு ஆம்பைப் போடுங்கள். அதுவரை வாசிக்க வேண்டாம்.