ஸ்லைடுகள் பற்றி தில்லி வாசகர்கள் கேட்டவை

கேள்வி: மயூர் விகாரில் தமிழ் கற்பிக்கிறேன். பாமினி எழுத்துருவில் தயாரித்த பாடத்தைக் கூகுள் ஸ்லைட்ஸில் ஏற்றினால், பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக வருகிறது. எல்லாவற்றையும் மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. ஆகவே உங்கள் கோப்பில் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளே, அவற்றுக்குத் தமிழ் முகம் தந்த எழுத்துரு உங்கள் கணினியில்தான் இருக்கிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றி ஒன்றில் உரையை இட்டு, யூனிகோடாக (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கம்) மாற்றி ஸ்லைடில் ஒட்டுங்கள். பிறகு கொம்பு வரும் சொற்களை மட்டுமாவது கண்ணால் சரிபாருங்கள்: கொம்பு பாமினியில் மெய்யெழுத்துக்கு முன்னும் யூனிகோடில் பின்னும் பதிவாவதால், மாற்றத்தில் பிழை நேர்ந்தால் பெரும்பாலும் அங்கேதான் நேரும். தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்ட நிலையில், மாணவர்களுக்கான பாடம் இன்னமும் பழைய குறியாக்கத்தில் முடங்கிக் கிடப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

எழுத்துருப் பட்டியலில் 'மோர் ஃபான்ட்ஸ்' பகுதிக்குச் சென்று தமிழைத் தேர்ந்தெடுத்தால் நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, முக்தா மலர் முதலியவை கிடைக்கும். மெய்ப்புள்ளியும் இகர, ஈகாரச் சுழிகளும் கடைசி இருக்கை வரை தெரிய வேண்டும் என்பதால், நான் 28 புள்ளி அளவுக்குக் கீழே இறங்குவதில்லை.

கேள்வி: ஆர்.கே. புரத்தில் அப்பாவின் சஷ்டியப்தபூர்த்தியன்று பழைய படங்களைப் பாட்டுடன் தொடர்ந்து ஓடவிட விரும்புகிறோம். 'பப்ளிஷ் டு வெப்' கொடுக்கலாமா?

பதில்: குடும்பப் படங்களுக்கு அதைத் தவிருங்கள்; அது ஸ்லைடுகளை இணையத்தில் வெளியிட்டு ஒரு லிங்க் தரும், அந்த லிங்க் எவர் கைக்குப் போனாலும் படங்கள் திறந்துகொள்ளும். ஸ்லைடுஷோவைத் தொடங்கியதும் கீழ் இடப்புறம் தோன்றும் மூன்று புள்ளிகளில் 'ஆட்டோ பிளே' உண்டு. அதில் நேரத்தைக் குறித்து 'லூப்' என்பதையும் தேர்ந்தெடுத்தால் போதும். பாட்டின் அமைப்பில் 'ஸ்டாப் ஆன் ஸ்லைடு சேஞ்ச்' என்பதில் குறி இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையெனில் முதல் படத்தோடு பாட்டு நின்றுவிடும். மண்டபத்தில் வேறொருவரின் கணக்கிலிருந்து ஓட்டுவதானால், டிரைவில் உள்ள பாட்டுக் கோப்பையும் அவருக்குத் தனியாகப் பகிர வேண்டும்; ஸ்லைடுகளை மட்டும் பகிர்ந்தால் படம் வரும், பாட்டு வராது.

கேள்வி: நால்வர் சேர்ந்து தயாரிக்கிறோம். ஒருவர் என் ஸ்லைடுகளை அழித்துவிட்டார். மீட்க முடியுமா?

பதில்: முடியும். 'ஃபைல்' பட்டியலில் உள்ள 'வெர்ஷன் ஹிஸ்டரி'யில் முந்தைய நிலைகள் நேரத்துடன் இருக்கும். ஆனால் பழைய நிலையை முழுவதுமாக மீட்டால் அதன்பின் மற்றவர்கள் செய்த திருத்தங்களும் தற்போதைய நிலையிலிருந்து நீங்கிவிடும். எனவே அந்த நிலையின் நகல் ஒன்றை எடுத்து, வேண்டிய ஸ்லைடுகளை மட்டும் ஒட்டிக்கொள்ளுங்கள். இனி, கருத்துச் சொல்ல மட்டுமே வேண்டியவருக்குத் திருத்தும் உரிமையைத் தராதீர்கள்.

கேள்வி: அரங்கில் இணையம் இல்லாவிட்டால்?

பதில்: முன்னதாகவே குரோமில் 'ஆஃப்லைன்' வசதியை இயக்கி வையுங்கள். அத்துடன் பிடிஎஃப் நகல் ஒன்றைப் பென் டிரைவில் எடுத்துச் செல்லுங்கள்; எழுத்துரு அதனுள்ளேயே பதிந்திருப்பதால் எந்தக் கணினியிலும் தமிழ் சிதையாது. அசைவுகளும் ஒலியும் அதில் இருக்கமாட்டா.