கோபம் வராத பிறந்தநாள்

அன்புள்ள ஐயா,

எங்களுக்குத் திருமணமாகி 14 வருடம் ஆகிறது. முதல் சில வருடங்கள் சின்ன விஷயத்துக்கெல்லாம் சண்டை. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், அவர் வந்து சமாதானம் செய்யும்வரை சாப்பிட மாட்டேன். இப்போது சண்டையே இல்லை. எவ்வளவு ஒற்றுமை என்று பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். போன மாதம் என் பிறந்தநாளை அவர் மறந்துவிட்டார். எனக்குக் கோபமே வரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. இது பக்குவமா, அன்பு தீர்ந்துபோய்விட்டதா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அன்பு தீர்ந்துபோயிருந்தால் உங்களுக்கு இந்தப் பயம் வந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் இதைப் பக்குவம் என்றும் சொல்லமாட்டேன். பக்குவப்பட்டவருக்கும் பிறந்தநாள் மறந்துபோனால் சுருக்கென்று இருக்கும். அதைச் சொல்லிவிட்டு அப்புறம் மறந்துவிடுவார்.

நம் பழைய மொழியில் காதலர் பிணக்குக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. புலவி என்பது இளம் பிணக்கு, கொஞ்சம் கெஞ்சினால் கரைந்துவிடும். துனி என்பது முற்றிய பிணக்கு. எதுவானாலும், ஊடுகிறவர் முகத்தைத் திருப்பிக்கொள்வாரே தவிர, காது மட்டும் காலடி ஓசைக்காகக் காத்துக்கொண்டிருக்கும். நீங்கள் அன்று சாப்பிடாமல் இருந்தது, அவர் வருவார் என்று தெரிந்திருந்ததால்தான். அந்த எதிர்பார்ப்பு எங்கே நின்றது என்று யோசித்துப் பாருங்கள். ஒரே நாளில் நின்றிருக்காது.

எட்வர்ட் ட்ரானிக் என்ற உளவியலாளர் 1978இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தாய் தன் கைக்குழந்தையோடு கொஞ்சி விளையாடுவாள். பிறகு சில நிமிடம் எந்த உணர்ச்சியும் காட்டாமல் அதன் முன்னே உட்கார்ந்திருப்பாள். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும். அவள் கவனத்தைத் திருப்ப ஒவ்வொன்றாக முயலும். எதுவும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு சோர்ந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு, குழந்தைக்குத் தாய்மேல் பாசம் போய்விட்டது என்று யாராவது சொல்வோமா? கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துவிட்டது, அவ்வளவுதான். தாய் பழையபடி கொஞ்ச ஆரம்பித்தாலும் குழந்தை உடனே தேறிவிடாது. சிணுங்கும், பார்வையைத் தவிர்க்கும்.

ட்ரானிக் இன்னொன்றும் கண்டார். நல்ல பிணைப்புள்ள தாயும் சேயும்கூடப் பாதிக்கு மேற்பட்ட நேரம் ஒருவருக்கொருவர் பொருந்தாமல்தான் இருக்கிறார்கள். விலகுவதும் திரும்பச் சேர்வதுமாகத்தான் அந்த உறவு நடக்கிறது. உங்கள் பழைய சண்டைகளையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். (பயத்தால் வாய் திறக்க முடியாத வீடுகள் உண்டு. அங்கே நடப்பது வேறு. உங்கள் கடிதத்தில் அந்தச் சாயல் இல்லை.)

என் வீட்டிலும் இப்படி ஒரு காலம் இருந்தது. எழுத்து, வேலை என்று நான் முகமில்லாதவனாக இருந்த வருடங்கள் அவை. ஒருநாள் மேசையில் காலியான மாத்திரை அட்டையைப் பார்த்துத்தான் மனைவிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் என்று தெரிந்துகொண்டேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னுதான்" என்றாள். குரலில் கோபம் துளியும் இல்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் அன்று இரவு தூங்கியிருப்பேன்.

அதன்பின் தினமும் மாலையில் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பல நாள் அவள் பேச்சு கொடுக்கவில்லை. இவனுக்கு இது எத்தனை நாளைக்கு என்று நினைத்திருப்பாள், நியாயம்தானே?

உங்கள் கணவருக்கு நீங்கள் காத்திருப்பதை நிறுத்திவிட்டது தெரிந்திருக்காது. சண்டை இல்லாததை அவரும் ஒற்றுமை என்றே நம்பிக்கொண்டிருக்கலாம். பிறந்தநாளை மறந்ததைச் சொல்லுங்கள். கோபம் வரவில்லை என்பதையும், அது பயமாக இருக்கிறது என்பதையும் எனக்கு எழுதிய அதே சொற்களில் அவரிடம் சொல்லுங்கள். முதல்முறை அவருக்குப் புரியாமல் போகலாம். எனக்கும் மாத்திரை அட்டை தேவைப்பட்டது.

ஒரு மாதத்துக்குப் பிறகு, சொன்ன நேரத்துக்கு நான் வரவில்லை என்று என் மனைவி வாசலிலேயே சத்தம் போட்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அங்கேயே நின்று முழுவதையும் கேட்டேன்.

அன்புடன்