முதலில் வெர்னியர், அப்புறம் பர்ஸ்

கே: பழைய 350 சிசி புல்லட்டுக்கு யுஎஸ்டி ஃபோர்க் (தலைகீழாக மாட்டும் முன்பக்க ஷாக்) போட ஆசைங்க. உக்கடத்தில் ஒரு செட் மலிவாக வந்திருக்கிறது. வாங்கலாமா? – சூலூர் வாசகர்

ப: எந்த வண்டியில் கழற்றியது, வெர்னியர் (விட்டம் அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தால் பைப் எத்தனை மில்லி, ஸ்டெம் (ஹேண்டில் திரும்பும் நடுத்தண்டு) எவ்வளவு நீளம்? ஒன்றுமே எழுதவில்லை. மலிவு என்பது மட்டும் தெரிந்திருக்கிறது. யுஎஸ்டியில் மேல் பிடிப்புக்கும் கீழ்ப் பிடிப்புக்கும் பெரும்பாலும் விட்டம் வேறு. உங்கள் பழைய டீயில் (அதுதான், இரண்டு ஃபோர்க் பைப்பையும் பிடித்து நிறுத்தும் டிரிபிள் கிளாம்ப்) உட்காராது. டீ, கோன் செட் (ஹேண்டில் பேரிங்), ஆக்ஸில், வீல், காலிப்பர் என்று செலவு வரிசையாக வரும். நானும் ஒருமுறை பளபளப்பில் மயங்கி, அடிபட்ட வண்டியின் ஃபோர்க்கை வாங்கினேன். பைப்பை வீட்டுக் கண்ணாடி மேசையில் உருட்டினால் நொண்டியது. இப்போது தக்காளிச் செடிக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது.

கே: மாற்றிய ஃபோர்க்கை ஆர்டிஓ பிடிப்பாரா? – திருப்பூர்

ப: சட்டம் அனுமதிக்காத மாற்றம் என்றால், ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

கே: ‘சிஎன்சி பில்லட்’ என்று நம்பி ஆன்லைனில் டீ வாங்கினேன். இரண்டே வாரத்தில் போல்ட் ஓரம் விரிசல். விற்றவர் போனை எடுப்பதில்லை. பில் இருக்கிறது. – பெருந்துறை

ப: வண்டியை இன்றே நிறுத்துங்கள். ஆர்கான் வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பதமேற்றிய அலுமினியம் அந்தச் சூட்டில் வலுவிழக்கும்.

இந்த ‘சிஎன்சி’ ஏமாற்று எனக்கு வெகுநாள் எரிச்சல். சிஎன்சி என்பது கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷின், உலோகம் அல்ல. மட்டமான வார்ப்பையும் அதில் ஏற்றி முகம் சீவலாம். பில்லட் என்றால் கெட்டிக் கட்டியிலிருந்து கடைந்தது. பவுண்டரியும் லேத்தும் நிறைந்த கோவைப் பக்கத்திலேயே இதைச் சொல்லி விற்கிறார்கள் பாருங்கள்! எந்த அலாய் (அலுமினியக் கலவை), 6061-ஆ 7075-ஆ என்று பில்லில் எழுதித் தரச் சொன்னால் பாதிப் பேர் மழுப்புவார்கள்.

உங்கள் மேல் தப்பில்லை. விரிசலைப் படம் எடுங்கள், டீயைத் தூக்கிப் போடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகார் சொல்லுங்கள். மசியாவிட்டால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. போல்ட்டை அதிகம் முறுக்கிவிட்டீர்கள் என்பார்கள். மாட்டிய மெக்கானிக்கிடம் டார்க் ரென்ச் (முறுக்கு அளவு காட்டும் ஸ்பானர்) வைத்தாரா என்று இப்போதே எழுதி வாங்குங்கள்.

கே: ஃபோர்க்கை டீயில் 30 மில்லி மேலேற்றி முன்பக்கத்தைத் தாழ்த்தினால் ஸ்டைலாக இருக்குமா? – கோபி

ப: இருக்கும் தம்பி. டிரெயில் (முன்சக்கரத்தை நேராக ஓட வைக்கும் அளவு) குறைந்து ஹேண்டில் படபடக்கும், பள்ளத்தில் மட்கார்டு போய் டீயில் இடிக்கும். திம்பம் 27 கொண்டை ஊசி வளைவிலும் ஸ்டைலாகவே இறங்குங்கள், ஆனால் பின்னால் யாரையும் ஏற்றாதீர்கள்.