பொந்து விழுந்த பழைய சாலையோர மரம்: வெட்டத்தான் வேண்டுமா?

கேள்வி: எங்கள் தெருவின் இருபுறமும் மூன்று தலைமுறைகளுக்கு முன் நடப்பட்ட மரங்கள் நிற்கின்றன. அவற்றுள் ஒன்றின் அடிமரத்தில் பெரிய பொந்து விழுந்திருக்கிறது. வேர்கள் நடைபாதையைத் தூக்கியிருக்கின்றன. விரைவில் குழாய் பதிக்கப் போவதால் அதை வெட்டிவிடலாம் என்கிறார்கள். பொந்தைச் சிமென்ட்டால் அடைத்துக் காப்பாற்ற இயலுமா? மரபு மரமாக அறிவிக்கக் கோரலாமா?

பதில்: பொந்தை அடைக்க வேண்டாம், சுரண்டிச் சுத்தம் செய்யவும் வேண்டாம். அடிமரத்தின் நடுவிலுள்ள வைரப்பகுதி உயிரற்றது. நீரும் உணவும் ஓடுவது பட்டையை ஒட்டிய வெளிப்பகுதியில்தான் என்பதால், உள்ளே உளுத்த மரமும் பல பத்தாண்டுகள் தழைத்து நிற்கும். காயம்பட்ட மரம் அந்தத் திசுவைப் புதுப்பிப்பதில்லை, அழுகல் பரவாதபடி அதைச் சுற்றி அரண் எழுப்பிக்கொள்கிறது என்பதை அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷிகோ விளக்கியிருக்கிறார். சுரண்டினால் அந்த அரண் உடைகிறது. சிமென்ட்டோ, மரம் காற்றில் ஆடும்போது உடன் வளையாமல் உட்சுவரை உரசுவதோடு ஈரத்தையும் தேக்கி வைக்கிறது.

வலிமையைப் பொறுத்தவரை, பொந்து நடுவில் அமைந்து, எஞ்சிய சுவரின் தடிமன் அடிமர ஆரத்தில் 10-இல் 3 பங்கு இருந்தால், வளைவைத் தாங்கும் திறனில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் குறையும். ஆனால் பொந்தின் வாய் அகன்றிருந்தாலோ, வேரடியில் காளான் முளைத்தாலோ, மரம் புதிதாகச் சாய்ந்து மறுபக்கம் மண் வெடித்தாலோ நிலைமை வேறு. அப்போது ஒலியலைக் கருவியால் உட்புறத்தை அளக்கும் மரநிபுணரை உடனே அழைக்க வேண்டும்.

உங்கள் கேள்வியில் என்னை உண்மையிலேயே கலங்கவைத்தது குழாய் பதிக்கும் செய்திதான். நீரையும் சத்தையும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணின் முதல் 60 சென்டிமீட்டருக்குள், கிளைகளின் நிழலையும் தாண்டிப் படர்ந்திருக்கின்றன. அடிமரத்துக்கு அருகே நீளவாக்கில் ஒரு பள்ளம் தோண்டினால், அந்தப் பக்கத்து வேர்கள் ஒரே நாளில் அறுபட்டுவிடும். அதன் விளைவோ சில ஆண்டுகள் கழித்து நுனிக்கிளைகள் காய்வதிலும், பெருங்காற்றில் மரம் வேரோடு சாய்வதிலும்தான் தெரியவரும். அதற்குள் பள்ளத்தை எல்லாரும் மறந்திருப்பார்கள், பழி மரத்தின் வயதின் மீது விழும். கட்டுமானப் பணிகளின்போது மரங்களைக் காப்பதற்கான பிரிட்டனின் பி.எஸ். 5837 தரநிலை, 1.5 மீட்டர் உயரத்தில் அளந்த அடிமர விட்டத்தைப் போல் 12 மடங்கு ஆரத்தை, அதிகபட்சம் 15 மீட்டர் வரை, வேர்க்காப்புப் பகுதியாகக் கணக்கிடுகிறது, சுற்றளவு 3.14 மீட்டர் என்றால் விட்டம் 1 மீட்டர், காப்புப் பகுதியின் ஆரம் 12 மீட்டர். தெருவில் அவ்வளவு இடத்தை ஒதுக்க முடியாதுதான். எனவே குழாயை வேர்களுக்கு அடியில் துளையிட்டுச் செலுத்த வேண்டும், அல்லது இயந்திரமின்றிக் கையால் தோண்டி, 25 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த வேரை நிபுணரின் ஒப்புதலின்றி வெட்டக்கூடாது என்று பணி ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்கக் கோருங்கள். அப்பகுதியில் மணலையும் ஜல்லியையும் குவிப்பதும் வண்டி நிறுத்துவதும் மண்ணை இறுக்கி வேர்களை மூச்சடைக்கச் செய்யும் என்பதால், வேலை தொடங்குமுன்பே வேலி அடைப்பது அவசியம்.

தூக்கிய நடைபாதைக்காக ஒரு மரத்தை இழப்பது நியாயமாகாது. பிரிட்டனின் ஷெஃபீல்டு நகரில் 2012-இல் தொடங்கிய சாலைச் சீரமைப்பு ஒப்பந்தத்தின்கீழ் ஆயிரக்கணக்கான மரங்கள் வெட்டப்பட்டன. மக்கள் போராடிய பின் நடந்த கூட்டாய்வில், வெட்டக் குறித்திருந்த பலவற்றை, விளிம்புக்கல்லை மாற்றியமைப்பது போன்ற எளிய வழிகளால் காக்க முடியும் எனத் தெரிந்தது. கான்கிரீட்டை அகற்றி, நீர் புகும் தளத்தைச் சற்று உயர்த்திச் சரிவாக அமைக்கலாம். பாரம் குறைப்பதாகச் சொல்லி மரத்தை மொட்டையடிக்க விடாதீர்கள். நுனிகளை மட்டும் சில ஆண்டுகள் இடைவெளி விட்டு இலேசாகக் கவாத்து செய்தால் போதும்.

மரபு மரமாக அறிவிக்கும் விதிகள் இடத்துக்கிடம் மாறும். சிங்கப்பூரின் மரபு மரத் திட்டம் 2001 முதல் நடப்பிலிருக்கிறது. அங்கே 5 மீட்டருக்கு மேற்பட்ட சுற்றளவு ஓர் அளவுகோல், வரலாற்றுச் சிறப்பும் கணக்கில் கொள்ளப்படும். மகாராஷ்டிரம் 2021-இல் திருத்திய சட்டப்படி 50 ஆண்டு கடந்த மரமே மரபு மரம். உங்கள் ஊரில் விதி எதுவாயினும், சுற்றளவு, இனம், இருப்பிடம், தெருவின் பழைய நிழற்படங்கள், நில வரைபடங்கள், முதியோரின் வாய்மொழி ஆகியவற்றைத் தொகுத்து, ஒற்றை மரத்துக்கு மட்டுமன்றி வரிசை முழுவதற்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். குழாய்ப் பணிக்கு ஒப்பந்தம் கையெழுத்தாகுமுன் அந்த மனு உள்ளாட்சி அலுவலகத்தில் பதிவாகி, அதற்கான ஒப்புகைச் சீட்டு உங்கள் கையில் இருக்க வேண்டும்.