போத்தலின் முகப்பில் 9000, கேப்சூலுக்குள் 150: பயனீட்டாளர் கேள்வி-பதில்

கேள்வி: 'என்.எம்.என். 9000' என்று அச்சிட்ட போத்தல் 270 ரிங்கிட், 'என்.ஆர். 300' என்பது 30 கேப்சூலுடன் 180 ரிங்கிட். எண் பெரியதாக இருப்பதை வாங்குவதுதானே இலாபம்?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: இல்லை. உணவிலிருந்து உயிரணுக்கள் ஆற்றலைப் பெற உதவும் என்.ஏ.டி. என்ற மூலக்கூற்றை உடல் ஆக்கிக்கொள்வதற்கான மூலப்பொருள்களே இவ்விரண்டும். நீங்கள் அனுப்பிய படத்தில், காலாவதித் தேதிக்குக் கீழே, கேப்சூல் ஒன்றுக்கு 150 மில்லிகிராம், மொத்தம் 60 கேப்சூல் என்று கடுகளவு எழுத்தில் இருக்கிறது; ஆக, 9000 என்பது போத்தல் முழுவதற்குமான கூட்டுத்தொகை. மற்றதிலும் 300 மில்லிகிராம் வீதம் 30 கேப்சூல், அதே 9000தான். என்.எம்.என். போத்தலில் மில்லிகிராமுக்கு 3 சென், என்.ஆர். போத்தலில் 2 சென்.

இந்த முகப்பு எண்ணை நான் பல ஆண்டுகளாகக் கண்டித்து வருகிறேன். ஜார்ஜ்டவுன் கடையொன்றில் '15000' என்ற எண்ணை நம்பி 340 ரிங்கிட் கொடுத்து வாங்கிய நான், வீட்டில் மூடியைத் திறந்து, கண்ணாடி போட்டுப் பின்புறத்தைப் படித்தபோதுதான் ஒரு கேப்சூலில் இருப்பது 125 என்று அறிந்தேன். திறந்த போத்தலைக் கடைக்காரர் திரும்பப் பெறவில்லை. நாளொன்றுக்கு எத்தனை மில்லிகிராம் உண்ணச் சொல்கிறார்கள், அதற்கு எத்தனை சென் ஆகிறது என்று பாருங்கள். எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கும் அரசின் மருந்துப் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: இவற்றை உண்டால் இளமை திரும்புமா?

பதில்: அதற்குச் சான்று இல்லை. இரத்தத்தில் என்.ஏ.டி. உயர்வது ஆய்வுகளில் தெரிகிறது. நீரிழிவின் விளிம்பில் இருந்த பெண்கள் நாளுக்கு 250 மில்லிகிராம் என்.எம்.என். வீதம் 10 வாரம் உண்ட 2021 ஆய்வில், தசையில் இன்சுலின் வேலை செய்யும் திறன் கூடியது. உடல் எடை குறையவில்லை.

கேள்வி: மலிவாக இருக்கிறதென்று இவற்றுக்குப் பதிலாக 500 மில்லிகிராம் நியாசின் (வைட்டமின் பி3) மாத்திரை வாங்கி, இரண்டை ஒன்றாக விழுங்கினேன். முகம் சிவந்து எரிந்தது. போலி மருந்தா?

பதில்: போலி என்று சொல்ல இதில் ஒன்றும் இல்லை. நியாசினின் ஒரு வடிவமான நிக்கோட்டினிக் அமிலம் மிகுந்தால் தோல் இப்படித்தான் எரியும். அதிக அளவில் தொடர்ந்து உண்டால் கல்லீரலும் பாதிக்கப்படலாம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குத் தேவையான நியாசின் 14 முதல் 16 மில்லிகிராம்தான். வாங்கிய இடத்திலேயே மருந்தாளரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். உடனே நிறுத்துங்கள்.

கேள்வி: வீட்டுக்கு வந்த முகவர், 'இந்தப் பொடி உயிரணுவுக்குச் சக்தி தரும், சர்க்கரை மாத்திரை இனி வேண்டாம்' என்று என் அம்மாவிடம் 1,200 ரிங்கிட் வாங்கிவிட்டார். வாரம் ஒன்றாகிறது.
– மகள், பாயான் லெப்பாஸ்

பதில்: உங்கள் அம்மாவின் மீது எந்தக் குற்றமும் இல்லை, வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து பேசுபவரை நம்புவது நம் வீடுகளின் இயல்பு. நீரிழிவைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டமே தடுக்கிறது. வீடு தேடி வந்து விற்றதை 10 வேலை நாளுக்குள் இரத்து செய்ய 1993ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டம் இடம் தருவதால், இன்றே எழுத்து மூலம் இரத்து செய்யுங்கள். பணம் வராவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் மனு கொடுக்கலாம். ரசீதையும் முகவர் அனுப்பிய வாட்சாப் செய்திகளையும் அழிக்காமல் வையுங்கள். அம்மா சர்க்கரை மாத்திரையை நிறுத்தியிருந்தால், நாளை வரை தள்ளிப்போடாமல் இன்றே அவரைக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.