இதயமும் ஜி புரதமும் – கடிதம்

வணக்கம்.

இதயத் துடிப்பைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அட்ரினலின் என்ற ஹார்மோன் வந்ததும், வெளியிலிருந்து வரும் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் ஜி புரதம் அடினைலேட் சைக்ளேஸ் என்ற நொதியைத் தூண்டுகிறது, சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூது மூலக்கூறு பெருகுகிறது, இதயம் வலுவாகத் துடிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். என் அப்பாவுக்கு இதயம் வலுவிழந்திருப்பதாக மருத்துவர் சொல்கிறார். ஆனால் அவர் எழுதிக் கொடுத்திருப்பது மெட்டோப்ரொலால். அட்ரினலினைத் தடுக்கும் மாத்திரை. சைக்ளிக் ஏ.எம்.பி.யைக் கூட்டத்தானே வேண்டும், ஏன் குறைக்கிறார்கள்? உறவினர் ஒருவர், அந்த நொதியை நேரடியாகவே தூண்டும் என்று மருந்துக் கூர்க்கன் என்ற மூலிகையின் மாத்திரை வாங்கி வந்திருக்கிறார். கொடுக்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் கேட்பதையே மருத்துவர்களும் ஒரு காலத்தில் கேட்டார்கள். கேட்டதோடு நிற்காமல் செய்தும் பார்த்தார்கள். மில்ரினோன் என்றொரு மருந்து. சைக்ளிக் ஏ.எம்.பி.யைச் சிதைக்கும் நொதியை அது தடுக்கும். ஆகவே செல்லுக்குள் அதன் அளவு கூடும், இதயம் பலமாகச் சுருங்கும். கடுமையான இதயச் செயலிழப்பு உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் அதை மாத்திரையாகச் சோதித்த முடிவு 1991-இல் வெளியானது. போலி மாத்திரை பெற்றவர்களைவிட, மருந்து பெற்றவர்களிடையே இறப்பு 28 சதவீதம் அதிகம்! மாறாக, 1999-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் உங்கள் அப்பா சாப்பிடும் அதே மெட்டோப்ரொலால் இறப்பை 34 சதவீதம் குறைத்தது. ஸ்வீடனின் கோத்தன்பர்க் மருத்துவர்கள் 1975-லேயே ஏழு நோயாளிகளிடம் இவ்வகை மருந்தால் பலன் கண்டு எழுதியிருந்தார்கள். நம்பத்தான் ஆளில்லை.

ஏன் இப்படி? என் கட்டுரையில் தூண்டப்படுவதைப் பற்றியே அதிகம் எழுதினேன். ஜி புரதத்தின் அருமை அது அணைவதில் இருக்கிறது.

செல் சவ்வின் உட்புறம் ஆல்ஃபா, பீட்டா, காமா என்ற மூன்று அலகுகளாக அது ஒட்டிக்கிடக்கிறது. ஓய்வில் ஆல்ஃபாவின் மடியில் குவனோசின் டைபாஸ்பேட் என்ற சிறு மூலக்கூறு இருக்கும். வெளியே, செய்தியை வாங்கும் புரதமான ஏற்பியை அட்ரினலின் பற்றியதும் டைபாஸ்பேட் கழன்று, அந்த இடத்தில் குவனோசின் டிரைபாஸ்பேட் வந்து அமர்கிறது. உடனே ஆல்ஃபா பிரிந்துபோய் அடினைலேட் சைக்ளேஸைப் பற்றுகிறது. நொதி, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யை சைக்ளிக் ஏ.எம்.பி.யாக மாற்றத் தொடங்குகிறது. ஆனால் ஆல்ஃபாவே ஒரு நொதியும்கூட. தன் மடியிலுள்ள டிரைபாஸ்பேட்டைத் தானே உடைத்து, சில விநாடிகளில் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. அணைப்பதற்கு வேறு யாரும் வர வேண்டியதில்லை. காலரா நஞ்சு செய்வது இந்த உடைக்கும் திறனைப் பறிப்பதுதான். குடல் செல்களில் அணையாமல் போன ஜி புரதம்தான் உடம்பின் நீரையெல்லாம் வெளியே கொட்டுகிறது.

இதயத்தில் எதிர்த்தரப்பும் உண்டு. மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு அசிட்டைல்கொலின் என்ற வேதிப்பொருளைச் சுரந்தால் வேறொரு வகை ஜி புரதம் எழுந்து அதே அடினைலேட் சைக்ளேஸை அடக்குகிறது. அதிலிருந்து பிரிந்த பீட்டா-காமா இணையும் சும்மா இருப்பதில்லை. பொட்டாசியம் வாயில்களைத் திறந்துவிட்டுத் துடிப்பைத் தாழ்த்துகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சைக்ளிக் ஏ.எம்.பி. இதயத்தைச் சுருங்க மட்டும் வைப்பதில்லை, விரைவாகத் தளரவும் வைக்கிறது. நிமிடத்துக்கு 150 முறை துடிக்கும்போது ஒரு துடிப்புக்குக் கிடைப்பது 0.4 விநாடி. அதற்குள் சுருங்கி, தளர்ந்து, மீண்டும் ரத்தத்தால் நிரம்ப வேண்டும். அதனால் கால்சியத்தை உள்ளே விடும் வாயிலும், அதைத் திரும்ப அள்ளும் பம்பும் ஒரே சமயத்தில் முடுக்கப்படுகின்றன. மாடிப்படி ஏறி முடிக்கும்வரை தேவைப்படும் ஏற்பாடு இது.

வலுவிழந்த இதயத்தில் இது இரவு பகலாக ஓடுகிறது. ரத்த ஓட்டம் போதவில்லை என்று உடல் அட்ரினலினையும் நார்அட்ரினலினையும் ஓயாமல் அனுப்புகிறது. எந்நேரமும் கத்தும் அப்பாவின் சொல் பிள்ளையின் காதில் ஏறாமல் போவதுபோல, இதயச் செல்லும் கேட்பதை நிறுத்திக்கொள்கிறது. மாற்று அறுவை சிகிச்சையில் அகற்றிய இதயங்களை 1982-இல் ஆராய்ந்தபோது அட்ரினலின் பற்றும் ஏற்பிகள் ஏறக்குறையப் பாதியாகியிருந்தன. அடக்கும் ஜி புரதமோ இத்தகைய இதயங்களில் பெருகியிருக்கும். ஆக, வற்புறுத்தினால் வலு கூடுவதில்லை. கால்சியம் தடுமாறித் துடிப்பு தாறுமாறாவதும் செல்கள் மடிவதும்தான் மிச்சம். மெட்டோப்ரொலால் அந்தக் கூச்சலைக் குறைக்கிறது. மாதங்கள் செல்லச் செல்ல ஏற்பிகளும் ஓரளவு திரும்ப வருகின்றன. முதல் சில வாரங்களில் அப்பாவுக்குச் சோர்வு தெரியலாம். அதனால்தான் மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுகிறார்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென நிறுத்துவது ஆபத்து.

மருந்துக் கூர்க்கன் விஷயத்தில் உறவினர் சொன்னது வேதியியல்படி சரி. சேலம் பக்கம் பயிராகும் அந்தச் செடியின் வேரிலுள்ள ஃபோர்ஸ்கோலின், ஏற்பியையும் ஜி புரதத்தையும் தாண்டி அடினைலேட் சைக்ளேஸிலேயே போய் அமர்கிறது. ஆய்வகங்களில் அதற்கு நல்ல மதிப்பு. எனக்கு உறுத்துவதும் அந்தத் தாண்டல்தான்: தானே அணைத்துக்கொள்ளும் அந்தப் புரதத்துக்கு அங்கே வேலையே இல்லை. ரத்த அழுத்தத்தையும் அது இறக்கக்கூடும். கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால், அடுத்த முறை போகும்போது டப்பாவையே எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.